ஆங்கில மயங்குசொற்கள்: தமிழ் இலக்கணம் கொண்டு ஒரு பகுப்பு

1. சிக்கலும் எல்லையும்

ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று மயங்கும் சொற்களைச் சோடி சோடியாக அடுக்கித் தரும் கையேடுகளுக்கு நம் புத்தகக் கடைகளில் பஞ்சமில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே மறந்தும் போகிறார்கள். பிழை பட்டியலில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அகரவரிசையில் நிற்கும் பட்டியல், வெவ்வேறு இடத்தில் பிறந்த நோய்களை ஒரே கட்டிலில் படுக்கவைத்து ஒரே மருந்தைக் கொடுக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. அப்பட்டியல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகத் தொகுக்கப்பட்டவற்றின் நகல். 'அவர்களுடைய' என்று பொருள்படும் 'தேர்', 'அங்கே' என்று பொருள்படும் 'தேர்' ஆகிய இரண்டும் எல்லாப் பட்டியலிலும் தவறாமல் இருக்கும். ஆங்கிலேயக் குழந்தை மொழியைக் காதால் கற்றுப் பிறகு எழுத்துக்கு வருகிறது. காதில் ஒன்றாக விழுந்த சொற்களை எழுதும்போது குழம்புவது அதற்கு இயல்பு. நம் குழந்தையோ எழுத்துக்கூட்டி, ஸ்பெல்லிங் ஒப்பித்து, கண்ணால் கற்கிறது. இந்தச் சோடியில் அது தவறுவது குறைவு. மாறாக, 'ஹியர்' எங்கே, 'லிசன்' எங்கே என்பதில் நம்மில் பட்டம் பெற்றவர்களும் தடுமாறுகிறோம். எந்த ஆங்கிலேயக் குழந்தைக்கும் அந்த ஐயம் வராது. ஆகவே அந்தச் சோடியைப் பட்டியல்களில் தேடினாலும் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

ஆங்கிலேயரும் தம் மொழியில் தடுமாறாதவர்கள் அல்லர். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்டது. சுமார் 2,500 சொற்கள் கொண்ட அந்தச் சிறு நூல், லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்து குழப்பிய கடுஞ்சொற்களை விளக்கவே எழுந்தது. 1775இல் ஷெரிடன் எழுதிய 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் மிசஸ் மாலப்ராப் என்ற சீமாட்டி வருகிறார். முதலையைக் குறிக்கும் 'அலிகேட்டர்' வரவேண்டிய இடத்தில், உருவகக் கதையைக் குறிக்கும் 'அலிகரி'யை வைத்துப் பேசுவார். அவர் பெயரே அவ்வகைப் பிழைக்கு இலக்கணப் பெயராகிவிட்டது. 1926இல் வந்த ஹென்றி ஃபவுலரின் ஆங்கில வழக்கு அகராதி இத்தகைய சோடிகளுக்கென்று தனித் தலைப்பே வைத்தது.

இக்கட்டுரை மயக்கத்தை அது பிறக்கும் இடத்தை வைத்துப் பகுக்கிறது: ஒலி, எழுத்து, வினையின் அமைப்பு, பொருள். விகுதியால் வரும் ஒரு சிறு மயக்கமும் உண்டு. ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தருகிறேன். சில இடங்களில் இரு சொற்கள் தமிழெழுத்தில் ஒன்றாகவே தோன்றும். அந்த ஒற்றுமையே அங்கே நமக்குச் சான்று.

2. ஒலியால் வரும் மயக்கம்

சட்டை தொளதொளவென்று இருந்தால் 'லூஸ்' என்கிறோம். கிறுக்குத்தனமாகப் பேசுகிறவரும் நமக்கு 'லூஸ்'தான். 'இழ' என்னும் வினைக்குரிய ஆங்கிலச் சொல்லையும் தமிழில் 'லூஸ்' என்றே எழுதியாக வேண்டியிருக்கிறது. தொளதொளப்புக்கு இரண்டு 'ஓ', இழப்புக்கு ஒரு 'ஓ'. மாணவர்கள் இதை எழுத்துப்பிழை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒலிப்பிழை. இரண்டாவது சொல்லின் ஈற்றில் வருவது 'ஸ்' அன்று, 'இசட்' எழுத்தின் ஒலி. கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் தொண்டை அதிர்வது தெரியும். தொளதொள 'லூஸ்' சொல்லும்போது ஈற்றில் அந்த அதிர்வு நின்றுவிடும்.

தமிழில் அந்த ஒலி இல்லை, கிரந்த எழுத்துகளிலும் இல்லை. எனவே நாம் ஒரு தந்திரம் செய்கிறோம். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஜகரம் போடுகிறோம்: ஜிப், ஜீரோ. ஈற்றில் வந்தால் ஸகர ஒற்று: லூஸ், பிரைஸ், சைஸ். ஒரே ஆங்கில ஒலி நம் வாயில் இடத்துக்கு ஓர் எழுத்தாகப் பிரிந்துவிடுகிறது. அதனால்தான் விலையும் பரிசும் நமக்கு ஒரே 'பிரைஸ்'. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டும், புகழ்ச்சியைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. விலை என்று பொருள்படும் லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கிலத்தில் மூன்றாகக் கிளைத்தது. நம் நாக்கு அறியாமலே அவற்றைப் பழையபடி சேர்த்துவைக்கிறது.

'அட்வைஸ்' விஷயத்தில் தமிழின் வேறொரு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அறிவுரை என்னும் பெயரில் 'சி' வந்து 'ஸ்' என்று ஒலிக்கும். அறிவுரை கூறு என்னும் வினையில் 'எஸ்' வந்து 'இசட்' போல் ஒலிக்கும். நாமோ "அட்வைஸ் பண்ணினார்" என்கிறோம். 'பண்ணு' வந்து ஒட்டிக்கொண்டதும் வினையின் வேலையை அதுவே ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலச் சொல் பெயரா வினையா என்று கேட்கவே அவசியமில்லாமல் போகிறது. நாள் முழுக்க இப்படிப் பேசுகிறவர் எழுத உட்காரும்போது மட்டும் வேற்றுமை எங்கிருந்து வரும்? 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டிலும் பிரிட்டிஷ் முறைப்படி இதே விதிதான்: பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அவற்றில் ஒலி மாறாது என்பதால், காதுக்குக் கேட்கும் 'அட்வைஸ்' சோடியை அளவுகோலாக வைத்துக்கொள்வது நலம். அமெரிக்கர் இந்த இரண்டிலும் வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டனர்.

வல்லின எழுத்துகளின் கதை இன்னும் பழையது. தமிழில் பகரம் 'பல்' என்பதில் ஒருவிதமாகவும் 'அன்பு' என்பதில் அதிர்ந்தும் ஒலிக்கிறது. இரண்டு ஒலிகளும் நம்மிடம் உண்டு, ஆனால் இடமே அதைத் தீர்மானிப்பதால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. 1856இல் வந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை ஒரு விதியாகவே விளக்கியிருக்கிறார். விளைவு, தமிழெழுத்தில் 'பில்' என்றால் ரசீதா மாத்திரையா என்பதையும், 'பேக்' என்றால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்பதையும் சூழலே சொல்லவேண்டும். ல, ள, ழ மூன்றையும் பிரிக்கப் பழகிய தமிழ்க் காதுக்கு இது எட்டாத பயிற்சி அன்று. ஆனால் பயிற்சி காதுக்குத் தரவேண்டும். பட்டியலை எத்தனை முறை கண்ணால் படித்தாலும் இந்த வகை தீராது.

3. எழுத்தால் வரும் மயக்கம்

இறைச்சியும் சந்திப்பும் ஆங்கிலத்தில் 'மீட்'. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில் அவை ஒரே ஒலியாக இல்லை. இரண்டிலும் நெடில் ஏகாரம்தான், ஆனால் இறைச்சியைச் சொல்லும்போது வாய் சற்று அகலத் திறக்கும். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சுத் தொழில் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறையவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்தன. அகன்ற ஏகாரத்துக்கு 'ஈ'யோடு 'ஏ'யும், குறுகிய ஏகாரத்துக்கு இரட்டை 'ஈ'யும் என்று எழுத்து நிலைத்தது. பிறகு இரண்டு ஒலிகளும் ஈகாரத்தில் போய்ச் சேர்ந்தன. ஆக, நாம் பொருளற்றது என்று சபிக்கும் ஸ்பெல்லிங் செத்துப்போன ஓர் உச்சரிப்பின் சுவடு. 'கிரேட்', 'பிரேக்' போன்ற ஒரு சில சொற்கள் மட்டும் அந்தப் பயணத்தில் ஈகாரத்தை எட்டாமல் ஏகாரத்திலேயே தங்கிவிட்டன.

வேறு சில சோடிகள் ஒரே சொல்லாக இருந்து, எழுத்தால் இரண்டாக்கப்பட்டவை. மாவைக் குறிக்கும் 'ஃபிளவர்', பூவைக் குறிக்கும் 'ஃபிளவர்' இரண்டும் ஒன்றே. தானியத்தை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் மிக நேர்த்தியான பகுதி அதன் 'பூ' எனப்பட்டது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிகூட அவற்றைத் தனிச் சொற்களாகப் பிரிக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நோட்டு, பேனா விற்கும் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் 'ஸ்டேஷனரி' என்ற சொல்லில் 'ஏ' எழுதியவையும் 'ஈ' எழுதியவையும் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். 'ஏ' வந்தால் 'அசையாமல் நிற்கிற' என்று பொருள். 'ஈ' வந்தால் எழுதுபொருள். பலகை எழுதுகிறவரைக் கேலி செய்யுமுன் வரலாற்றைப் பார்க்கவேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் பல வணிகர்கள் மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். புத்தகமும் தாளும் விற்றவர்கள் ஓரிடத்தில் கடை போட்டு நிலையாக உட்கார்ந்தார்கள். அப்படி நின்று விற்றவரே 'ஸ்டேஷனர்'. லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403இல் தோன்றியது, 1557இல் அரச சாசனம் பெற்றது. ஆக, எழுதுபொருள் கடைக்குப் பெயர் வந்ததே அது நகராமல் நின்றதால்தான். விற்பவரைக் குறிக்கும் சொல்லில் உள்ள 'ஈ' விற்கும் பொருளிலும் தொடர்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

'பிரின்சிபல்' சோடிக்குத் தமிழிலேயே சாவி இருக்கிறது. கல்லூரித் தலைவரை முதல்வர் என்கிறோம். கடனில் வட்டி நீங்கலான தொகையை முதல் என்கிறோம். தலையாய காரணத்தை முதற்காரணம் என்கிறோம். தமிழில் 'முதல்' எங்கெல்லாம் நிற்குமோ அங்கெல்லாம் ஆங்கிலத்தில் 'ஏ எல்' என்று முடியும் சொல் நிற்கும். கொள்கை, நெறி, அறிவியல் தத்துவம் என்றால் 'எல் ஈ' என்று முடியும் சொல். நான் பார்த்த ஆங்கில உத்திகள் எதுவும் இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதில்லை. சொல்லின் ஈற்றில் நண்பரைக் குறிக்கும் 'பேல்' இருப்பதால் தலைமையாசிரியர் உங்கள் நண்பர் என்று நினைவில் கொள்ளச் சொல்லும் உத்தி, வங்கியில் அசலைப் பற்றிய படிவத்தை நிரப்பும்போது கைவிட்டுவிடும்.

'காம்ப்ளிமென்ட்' நம் நகைக்கடைகளில் இலவசப் பொருளாகிவிட்டது. ஆங்கிலத்தில் நடுவே 'ஐ' வந்தால் பாராட்டு, மரியாதை. அந்த மரியாதையின் பேரில் கொடுப்பதால்தான் கடைக்காரரின் பையும் டப்பாவும் அப்பெயர் பெற்றன. நடுவே 'ஈ' வந்தால் ஒன்றை நிறைவு செய்வது. 'கம்ப்ளீட்' என்ற சொல்லில் உள்ள 'ஈ'யே இங்கும் இருப்பது அடையாளம்.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழில் 'பாதித்தது' என்று வினை வந்தால் 'ஏ', 'விளைவு' என்று பெயர் வந்தால் 'ஈ'. ஒரு மாற்றத்தை நிறைவேற்றினார் என்னும்போது 'ஈ' சொல்லும் வினையாகும், உளவியலில் 'ஏ' சொல்லும் பெயராகும். அன்றாட எழுத்தில் இந்த விலக்குகள் அரிது.

4. தன்வினையும் பிறவினையும்

இந்தப் பகுதிக்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். 'லை', 'லே' என்ற சோடியில் படித்த ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அன்றாடம் தவறுகிறார்கள். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது ஒரு நிமிடப் பாடம்.

தமிழில் கிட, கிடத்து, எழு, எழுப்பு, உயர், உயர்த்து, விழு, வீழ்த்து என்று சோடிகள் உண்டு. முதலாவது தானே நிகழ்வது, இரண்டாவது பிறிதொன்றை நிகழச் செய்வது. பழைய ஜெர்மானிய மொழிகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. தமிழ் பெரும்பாலும் ஈற்றில் மாற்றம் செய்தது, அவை வேரின் உயிரையும் சேர்த்து மாற்றின. ஆங்கிலத்தில் அந்த ஏற்பாடு உயிருள்ள விதியாக இன்று இல்லை. ஆனால் அது விட்டுச்சென்ற சோடிகள் நிற்கின்றன. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. 'ரைஸ்' என்றால் எழு, உயர். 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு, உயர்த்து. 'சிட்' என்றால் இரு, உட்கார். 'செட்' என்றால் இருத்து, வை. 'ஃபால்' என்றால் விழு. 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. நனைந்து ஊறச் செய்வதைக் குறிக்கும் 'ட்ரென்ச்'கூடத் தொடக்கத்தில் 'ட்ரிங்க்' என்பதன் பிறவினை, அதாவது குடிக்கச் செய் என்பதே.

சோதனை எளிது. தமிழில் சொல்லிப் பார்த்து 'ஐ' உருபு ஏற்கும் செயப்படுபொருள் வருகிறதா என்று பாருங்கள். "விலை உயர்ந்தது": செயப்படுபொருள் இல்லை, ஆகவே 'ரைஸ்'. "விலையை உயர்த்தினார்கள்": 'ரெய்ஸ்'. "பாயில் படுத்தான்": 'லை'. "குழந்தையைப் பாயில் கிடத்தினாள்": 'லே'. கோழி முட்டையை இடுகிறது, கொத்தனார் செங்கல்லை அடுக்குகிறார். அங்கெல்லாம் 'லே'தான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆங்கிலேயர் ஏன் தவறுகிறார்கள்? காரணம் ஒரு கண்ணி. 'லை' என்பதன் இறந்தகாலம் 'லே'. அதாவது 'கிடந்தான்' என்பதும் 'கிடத்து' என்பதும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம். 'விழுந்தது' என்பதும் 'வீழ்த்து' என்பதும் அப்படியே இரண்டும் 'ஃபெல்'. முதல் சோடியில் இது தற்செயல் அன்று. பழைய ஜெர்மானியத்தில் இவ்வகைப் பிறவினைகள் பல, தன்வினையின் இறந்தகால உயிரை ஒட்டியே உருவாயின. 'ட்ரிங்க்', 'ட்ராங்க்', 'ட்ரென்ச்' என்று வரிசையாகச் சொன்னால் அந்தத் தடம் இன்றும் மங்கலாகத் தெரியும். 'ஃபால்' வேறு வழியில் வந்து அதே கண்ணியில் விழுந்தது. ஆங்கிலேயர் காலத்தையும் வினைவகையையும் ஒரே ஒலியில் கேட்டுக் குழம்புகிறார்கள். நமக்கு அவை முதலிலேயே இருவேறு வினைச்சொற்கள், ஆகவே கலங்க வேண்டியதில்லை. 'கிட'வுக்கு லை, லே, லெயின். 'கிடத்து'வுக்கு லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்வதைக் குறிக்கும் 'லை'க்கு லைட், லைட். மூன்று வரிகளில் முடிந்தது.

5. பொருளால் வரும் மயக்கம்

தமிழில் ஒரு சொல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று நின்றால் வரும் மயக்கம் இது. நமக்கு மிகக் கடினமானதும் கையேடுகள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதுவே.

'கேள்' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: 'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்'. மூன்றாவதில் குழப்பமில்லை. முதல் இரண்டுக்கும் தமிழ் வேற்றுமை உருபே விடை வைத்திருக்கிறது. "எனக்குச் சத்தம் கேட்டது" என்று 'எனக்கு' வந்தால் ஒலி தானாகக் காதில் விழுகிறது: 'ஹியர்'. "நான் பாட்டுக் கேட்டேன்" என்று 'நான்' வந்தால் காதைக் கொடுத்துக் கேட்கிறோம்: 'லிசன்'. பார்வையிலும் இதே பாதை. "எனக்கு மலை தெரிகிறது" என்பது 'சீ'. "என்னைப் பார்" என்று கண்ணைத் திருப்பச் சொல்வது 'லுக்'. கிரிக்கெட்டையோ அடுப்பில் பொங்கும் பாலையோ, அடுத்து என்ன ஆகும் என்று கவனித்துக்கொண்டே இருப்பது 'வாட்ச்'. சினிமாவையும் டாக்டரையும் பார்ப்பதற்கு 'சீ' என்பது அம்மொழியின் மரபு, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

'சந்தேகம்' தரும் மயக்கம் ஆபத்தானது. பண இழப்பு பற்றிய ஒரு விசாரணை அறிக்கையை எண்ணிப் பாருங்கள். எழுதுகிறவர் மனத்தில் "காசாளர் எடுத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன்" என்று இருக்கிறது. சந்தேகத்துக்கு அவர் அறிந்த ஆங்கிலம் 'டவுட்'. அப்படியே எழுதுகிறார். படிக்கிற ஆங்கிலேயர், காசாளர் எடுத்திருக்கமாட்டார் என்று இவர் நம்புவதாகப் புரிந்துகொள்வார். எழுதியவர் குற்றம் சாட்டினார், எழுதப்பட்டது சாட்சி சொல்லி விடுவித்துவிட்டது. இருக்கும் என்று ஐயுற்றால் 'சஸ்பெக்ட்', இருக்காது என்று ஐயுற்றால் 'டவுட்'. தமிழ்ச் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் சாயும், போதாததற்குக் கேள்வியையும் குறிக்கும். "சார், ஒரு டவுட்" என்று மாணவன் கையைத் தூக்கும்போது அவன் ஆசிரியரை நம்பாமல் இல்லை, அவனுக்கு ஒரு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான். நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தில் 'டவுட்' நம் சந்தேகத்தைப் போலவே 'இருக்குமோ என்று அஞ்சுதல்' என்னும் பொருளிலும் வழங்கியது.

தலைகீழ் நிலையும் உண்டு. கைமாற்று, இரவல், கடன் என்று நாம் நுணுக்கமாகப் பிரிப்பதை ஆங்கிலம் 'லோன்' என்று ஒன்றாக்கிவிடும். ஆனால் வாங்குகிறவர் பக்கமிருந்து 'பாரோ', கொடுக்கிறவர் பக்கமிருந்து 'லெண்ட்' என்று வினையில் பிரிக்கும். 'கடன்' என்ற பெயரை மறந்து, கூட வரும் 'வாங்கு', 'கொடு' என்னும் வினைகளைப் பிடித்துக்கொண்டால் தவறு வராது.

தருதல், வருதல் ஆகியவை தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செல்லுதல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் பிரிக்கிறது. ஆங்கிலத்தின் 'கம்', 'பிரிங்' ஒரு பக்கமும் 'கோ', 'டேக்' மறுபக்கமும் ஏறக்குறைய இதே கோட்டில் பிரிகின்றன. அதனால் இவற்றில் தமிழர் தவறுவது குறைவு, விடைபெறும் நேரம் நீங்கலாக. "போறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. "வரேன்" என்கிறோம். அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால், கேட்ட ஆங்கிலேயர் நாம் திரும்பி வருவோம் என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.

6. விகுதியால் வரும் மயக்கம்

இந்த வகையில் தமிழாக்கமே சோதனை. 'ஹிஸ்டாரிக்' வரலாற்றுச் சிறப்பு மிக்கது, 'ஹிஸ்டாரிகல்' வரலாறு சார்ந்தது. 'எகனாமிக்' பொருளாதாரம் பற்றியது, 'எகனாமிகல்' சிக்கனமானது. தமிழில் வெவ்வேறு சொல் வந்து நிற்பதால் குழப்பம் உடனே தீரும். 'கன்டினியூவல்', 'கன்டினியூவஸ்' மட்டும் இச்சோதனைக்கு அகப்படாது, ஏனெனில் இரண்டும் தமிழில் 'தொடர்'தான். விட்டு விட்டுப் பெய்தால் முன்னது, இரவெல்லாம் ஓயாமல் பெய்தால் பின்னது.

7. வகுப்பறைக்கு ஒரு விண்ணப்பம்

நம் பள்ளிகளில் தன்வினை, பிறவினை, வேற்றுமை உருபு எல்லாம் தமிழ்ப் பாட வேளையில் நடத்தப்படுகின்றன. 'லை', 'லே', 'ஹியர்', 'லிசன்' எல்லாம் ஆங்கில வேளையில் மனப்பாடமாகின்றன. இரண்டு வேளைகளுக்கும் இடையில் ஒரு மணியோசை இருக்கிறது, அதைத் தாண்டி யாரும் எதையும் எடுத்துச் செல்வதில்லை. ஆங்கில ஆசிரியர்கள் அடுத்த முறை இச்சோடிகளை நடத்துமுன், கரும்பலகையின் ஒரு பக்கத்தில் 'கிட, கிடத்து' என்றும் 'எனக்குக் கேட்டது, நான் கேட்டேன்' என்றும் தமிழில் எழுதிவிட்டுத் தொடங்கிப் பார்க்கட்டும்.